142 அடி என்பது எங்கிருந்து 142? தேக்கடி ஏரியும் முல்லைப் பெரியாறு அணையும்

தேனி, மதுரைப் பக்கத்து நாளிதழ்ப் பதிப்புகளில் தினமும் ஒரு மூலையில் நான்கு எண்கள் வரும். பெரியாறு அணை நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, திறப்பு இத்தனை, இருப்பு இத்தனை மில்லியன் கன அடி. கம்பம் பள்ளத்தாக்கு விவசாயி காலையில் முதலில் பார்ப்பது அதைத்தான். தென்மேற்குப் பருவமழை வலுத்ததும் அதே எண் மூலையிலிருந்து முதல் பக்கத்துக்கு வந்துவிடும். தமிழ்நாட்டில் 142 அடி நல்ல செய்தி. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் வண்டிப்பெரியாறில் அதே 142 அடி தூக்கத்தைக் கெடுக்கும் செய்தி.

ஒரே எண் எப்படி இரண்டு பக்கமும் இவ்வளவு வேறாக ஒலிக்கிறது? அதற்கு அந்த எண் எதை அளக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரே தண்ணீர், இரண்டு பெயர்

தேக்கடியில் படகு சவாரி போனவர்கள் பலருக்கு, தாங்கள் போனது முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீரில்தான் என்பது தெரியாது. படகுத்துறையிலிருந்து அணை கண்ணுக்குத் தெரியாது. மலைகளுக்கு நடுவே கிளை கிளையாக நெளிந்து போகும் நீர்ப்பரப்பின் ஒரு முனையில் படகுத்துறை, இன்னொரு முனையில் பல கிலோமீட்டர் தள்ளி அணை. சுற்றுலாப் படகுகள் அணை வரை போவதில்லை. ஆனால் அணையை ஆய்வு செய்யப் போகும் பொறியாளர்களும் குழுக்களும் பெரும்பாலும் தேக்கடியிலிருந்தே படகில் கிளம்புகிறார்கள். "ஆய்வுக் குழு தேக்கடி வந்தது" என்று செய்தியில் வருவதன் காரணம் இதுதான்.

இடம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். ஏலமலைத் தொடரில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,900 அடி உயரத்தில், முல்லையாறும் பெரியாறும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே அணை நிற்கிறது. பெரியாறு சிவகிரி மலைப்பகுதியில் பிறந்து 244 கிலோமீட்டர் ஓடி அரபிக்கடலில் சேரும் ஆறு. அணைக்கு நீர் தரும் காட்டுப் பரப்பு சுமார் 624 சதுர கிலோமீட்டர். ஏரி நிறைந்தால் சுமார் 26 சதுர கிலோமீட்டருக்கு விரியும்.

மலைமுகட்டுக்குக் கிழக்கே இறங்கினால் லோயர்கேம்ப், கூடலூர், கம்பம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வெறுங்கையோடு வருகிறது. இடையில் நிற்பது ஒரு மலைமுகடு மட்டுமே. அணைக்கும் சண்டைக்கும் மூலம் இந்த நில அமைப்புதான்.

அடிக்கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது

இடுக்கி அணையில் 2,400 அடி, முல்லைப் பெரியாறில் 142 அடி என்று ஒரே செய்தியில் படிக்கும்போது பலர் குழம்புகிறார்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். இடுக்கியில் கடல்மட்டத்திலிருந்து எண்ணுகிறார்கள். முல்லைப் பெரியாறில் அணை நிற்கும் இடத்து ஆற்றுப்படுகையை 0 என்று வைத்து எண்ணுகிறார்கள். உண்மையில் இடுக்கி நீர்த்தேக்கம் பெரியாறில் கீழே இருக்கிறது; முல்லைப் பெரியாறில் வழிவது அங்கேதான் போய்ச் சேரும்.

இந்த அளவுகோலில் தெரிந்துகொள்ள வேண்டிய உயரங்கள் இவை:

1. சுமார் 104 அடி. இதற்குக் கீழே தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் எடுக்க முடியாது. மலையைக் குடைந்து தண்ணீரை இந்தப் பக்கம் கொண்டுவரும் சுரங்கத்தின் வாய் அந்த உயரத்தில் இருக்கிறது. அடியில் தங்கிவிடும் இந்த நீர் சுமார் 5 டிஎம்சி. (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி, அதாவது சுமார் 2,832 கோடி லிட்டர்.)

2. 136 அடி. 1979 முதல் 2014 வரை இருந்த வரம்பு.

3. 142 அடி. இன்று உச்ச நீதிமன்றம் அனுமதித்திருக்கும் வரம்பு.

4. 152 அடி. அணை கட்டப்பட்டபோது வகுத்த முழுக் கொள்ளளவு. இந்த மட்டத்தில் மொத்தம் சுமார் 15.5 டிஎம்சி, எடுக்கக்கூடியது சுமார் 10.5 டிஎம்சி.

5. 155 அடி. அணையின் மேல்மட்டம். அணைக்காகக் குத்தகைக்கு எடுத்த நிலத்தின் எல்லையும் இந்த உயரத்து விளிம்புக்கோடுதான்.

ஆக, "142 அடித் தண்ணீர்" என்று சொன்னாலும் வயலுக்கு வரக்கூடியது 104க்கு மேலே இருக்கும் 38 அடி மட்டும். ஏரி ஒரு கிண்ணம்போல மேலே போகப் போக அகலமாகிறது, அதனால் மேல் அடிகளில் தண்ணீர் அதிகம். 136 முதல் 142 வரையிலான 6 அடியில் மட்டும் சுமார் 1.5 டிஎம்சி நிற்கிறது. விநாடிக்கு 1,500 கன அடி வீதம் திறந்தால் 11, 12 நாளைக்கு வரும். பயிர் பால்பிடிக்கும் நேரத்தில் அந்தப் பன்னிரண்டு நாள் என்ன செய்யும் என்று மேலூரிலோ சிவகங்கையிலோ கடைமடை விவசாயியைக் கேட்டால் சொல்வார். 142 முதல் 152 வரையிலான 10 அடி இன்னும் பெரிது: சுமார் 2.9 டிஎம்சி.

மலையைத் துளைத்த கதை

மேற்கே ஓடும் ஆற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை, அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்குக்கு நூறு ஆண்டு முந்தியது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி (அமைச்சர்) முத்திருளப்ப பிள்ளை இதைப் பற்றி விசாரித்திருக்கிறார். 1808இல் பார்வையிட்ட கேப்டன் கால்டுவெல் இது நடக்காத காரியம் என்று எழுதிவிட்டார். 1867இல் மேஜர் ரைவ்ஸ் மண் அணை ஒன்றுக்குத் திட்டம் போட்டார். 1876–78 பெரும் பஞ்சத்துக்குப் பிறகுதான் மதராஸ் அரசு இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது.

கட்டுமானம் 1887இல் தொடங்கி 1895இல் முடிந்தது. அந்த அக்டோபரில் ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். பொறுப்பேற்று நடத்தியவர் கர்னல் ஜான் பென்னிகுயிக். சொத்தை விற்று அவர் அணை கட்டினார் என்ற கதை தேனி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. திட்டத்தை நடத்தியது மதராஸ் அரசு; ஆனால் மக்கள் ஒருவரை அப்படி நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பாதை இல்லாத காடு, மலேரியா, ஒவ்வொரு மழைக்கும் அடித்துக்கொண்டு போன தற்காலிகத் தடுப்புகள். மதராஸ் பயனியர் படையினரும் கொச்சியிலிருந்து வந்த தச்சர்களும் கூலியாட்களும் அங்கே வேலை செய்தார்கள். நோயில் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். ஜனவரி 15, பொங்கலை ஒட்டி வரும் அவர் பிறந்தநாளில் பாலார்பட்டியில் இன்றும் பொங்கல் வைக்கிறார்கள்.

தொழில்நுட்பத்தில் இரண்டு விஷயங்கள் முக்கியம். அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் (சுட்ட செங்கல் பொடி) சேர்த்த காரையால் கட்டியது. நீளம் சுமார் 1,200 அடி. தன் எடையாலேயே நீரின் தள்ளுவிசையைத் தாங்கும் வகை. அதை ஒட்டி ஒரு பள்ளத்தை அடைக்க 240 அடி நீளத்தில் கட்டியதுதான் செய்திகளில் வரும் பேபி அணை. இரண்டாவது, சுரங்கம். மலைமுகட்டைக் குடைந்து 5,704 அடி நீளத்துக்குப் போட்டார்கள். கவனித்தால், தமிழ்நாட்டுக்கு வரும் நீர் அணை வழியாக வருவதே இல்லை. அணை நீரை உயர்த்திக் கொடுக்கிறது. தேக்கடி தலைமதகிலிருந்து சுரங்கம் அதை இந்தப் பக்கம் கொண்டுவருகிறது.

சுரங்க நீர் மின்நிலையத்துக்கு மேலே உள்ள சிறு தேக்கமான போர்பே அணைக்கு வந்து, குழாய்களில் இறங்கி லோயர்கேம்ப்பில் மின்சாரம் தந்துவிட்டு, வைரவனாறு, சுருளியாறு வழியே வைகையில் கலக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் இதை நம்பியது; வழக்கமாக ஜூன் 1 முதல்போகத்துக்குத் திறக்கிறார்கள். மீதி வைகை அணைக்குப் போய், பேரணையில் தொடங்கும் பெரியாறு பிரதானக் கால்வாயில் இருபோகம் 45,041 ஏக்கரும் ஒருபோகம் 1,05,002 ஏக்கரும் பாய்கிறது. மதுரையின் குடிநீரும் இதில் அடக்கம்.

999 வருடக் குத்தகை

நிலம் திருவிதாங்கூருடையது, தண்ணீர் தேவைப்பட்டது மதராஸ் மாகாணத்துக்கு. 1886 அக்டோபர் 29இல் திவான் ராம அய்யங்காரும் பிரிட்டிஷ் பிரதிநிதியான ரெசிடென்ட் ஹானிங்டனும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி 8,000 ஏக்கர் 999 ஆண்டுக் குத்தகைக்கு வந்தது. வாடகை ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். 1970இல் தமிழ்நாடும் கேரளமும் அதைப் புதுப்பித்து ஏக்கருக்கு 30 ரூபாய் ஆக்கின. மின்சாரம் எடுக்கும் உரிமை தமிழ்நாட்டுக்கும், ஏரியில் மீன்பிடி உரிமை கேரளத்துக்கும் என்று அப்போது தெளிவானது. அணையை இயக்கிப் பராமரிப்பது தமிழ்நாடு, அது நிற்பது கேரளம். ஒரு மரத்தை வெட்டுவதற்கோ பாதையைச் சீர்செய்வதற்கோ கூட இரண்டு அரசுகளுக்கு இடையே கடிதம் போவது இதனால்தான்.

152, பிறகு 136, பிறகு 142

1. 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மோர்பியில் அணை உடைந்து பெரும் உயிரிழப்பு நேர்ந்தது. அந்த அதிர்ச்சியில் கேரளத்தில் பழைய அணையைப் பற்றிய பயம் கிளம்பியது. மத்திய நீர் ஆணையம் பார்வையிட்டு, பலப்படுத்தும் வரை 136 அடியில் நிறுத்தச் சொன்னது.

2. தமிழ்நாடு மூன்று வகையில் அணையைப் பலப்படுத்தியது. அணையின் தலையில் சுமார் 12,000 டன் எடையுள்ள கான்கிரீட் தொப்பி. மேலிருந்து அடிப்பாறை வரை துளையிட்டு இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிவடங்கள். பின்புறம் முட்டுக்கொடுத்த கான்கிரீட் சுவர்.

3. 2006 பிப்ரவரி 27இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் 136 அடி என்று சட்டம் போட்டது.

4. நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான குழு 2012இல் அணை பாதுகாப்பாக உள்ளதாக அறிக்கை தந்தது. 2014 மே 7இல் அரசியல் சாசன அமர்வு கேரளச் சட்டத்தை ரத்து செய்து 142 அடியை உறுதிசெய்தது. கண்காணிக்க ஒரு மேற்பார்வைக் குழுவும் வந்தது. அந்த நவம்பரில், 35 ஆண்டுகளுக்குப் பிறகு நீர் 142 அடியைத் தொட்டது.

5. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது நீதிமன்றம் தற்காலிகமாக 139.99 அடியில் வைக்கச் சொன்னது.

6. 2021இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 ஜனவரியில் தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையத்தின் தலைவரின் தலைமையில் மேற்பார்வைக் குழு மாற்றியமைக்கப்பட்டது.

142 அடி என்றால் வருடம் முழுக்க 142 வைக்கலாம் என்று அர்த்தமில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். "ரூல் கர்வ்" என்பது பத்து நாளைக்கு ஒருமுறை மாறும் மேல்வரம்பு அட்டவணை. மழை உச்சத்தில் இருக்கும்போது வெள்ளத்துக்கு இடம் விட்டு மட்டத்தைக் குறைத்து வைக்க வேண்டும். மழை ஓயும் நவம்பர் கடைசியில் 142 வரை நிரப்பலாம். நீர்மட்டம் 138, 139 அடியில் இருக்கும்போதே மதகு திறந்ததாகச் செய்தி வந்தால், பெரும்பாலும் காரணம் இந்த அட்டவணை. "வேண்டுமென்றே தண்ணீரை விட்டுவிட்டார்கள்" என்று உடனே முடிவு கட்டுவதற்கு முன் அன்றைய தேதிக்கு அட்டவணை என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

மதகு திறந்தால் யாருக்குத் தண்ணீர்

சுரங்கம் கொண்டுபோகக்கூடியது விநாடிக்கு 2,000 கன அடியைச் சற்றே தாண்டும். பெருமழையில் வரத்து அதைப்போல் பத்து மடங்காகும். 2018 ஆகஸ்டில் 20,000 கன அடிக்கு மேல் வந்தது. மிச்சம் போக ஒரே வழி அணையை ஒட்டியுள்ள 13 ஷட்டர்கள் கொண்ட உபரிப் போக்கி. அது தமிழ்நாட்டுப் பக்கம் வராது. வள்ளக்கடவு, வண்டிப்பெரியாறு, உப்புதறை வழியே ஆற்றங்கரை வீடுகளைத் தொட்டுக்கொண்டு இடுக்கி நீர்த்தேக்கத்துக்குப் போகும்.

இரவு நேரத்தில் ஷட்டர் உயரும்போது அந்த ஊர்களில் என்ன நிலைமை என்பதைத் தமிழ்நாட்டுச் செய்திகள் அதிகம் சொல்வதில்லை. அணை உடையும் என்ற பயத்தை விட்டுவிடுங்கள். சாதாரணமாகத் திறந்துவிடும் தண்ணீரே தாழ்வான வீடுகளுக்குள் வந்துவிடும். முன்கூட்டி, பகலில், படிப்படியாகத் திறப்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. அந்தக் கோரிக்கையில் எந்த அரசியலும் இல்லை.

உயரமும் வயதும் வேறு வேறு கேள்விகள்

விவாதத்தில் இரண்டு கேள்விகளைப் போட்டுக் குழப்புகிறார்கள். 142 அடித் தண்ணீரை இந்த அணை தாங்குமா என்பது ஒன்று. 130 ஆண்டைத் தாண்டிய சுண்ணாம்புக் காரை அணையின் உடல்நிலை எப்படி என்பது மற்றொன்று. முதலாவதுக்கு நிபுணர் குழுக்களும் நீதிமன்றமும் பதில் சொல்லியாயிற்று. இரண்டாவது ஒருமுறை பதில் சொல்லி மூடிவிடக்கூடிய கேள்வி இல்லை. குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியது. நீர் கசியும்போது சுண்ணாம்பு கரைந்து வெளியேறுகிறதா, அடியிலிருந்து மேல்நோக்கித் தள்ளும் நீரழுத்தம் எவ்வளவு, நிலநடுக்கத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பவை அளந்து பார்க்க வேண்டிய விஷயங்கள். அணைக்குள்ளே உள்ள கேலரியில் (ஆய்வு நடைபாதையில்) கசிவு நீரை அளப்பது இதற்காகத்தான். "நீர்மட்டத்துக்கு ஏற்ற அளவில் கசிவு உள்ளது" என்று குழுக்கள் சொல்வதற்கு அர்த்தம், அணை வழக்கம்போல நடந்துகொள்கிறது என்பது.

2024இல் முழுமையான பாதுகாப்பு மதிப்பீட்டுக்கு மத்திய நீர் ஆணையத் தரப்பு ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டில் இதைத் தோல்வியாகப் பார்த்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அணை உறுதியாக இருக்கிறது என்று நம்புகிற பக்கத்துக்கு அதை அளந்து வெளியிடுவதில் நஷ்டம் எதுவும் இல்லை. வண்டிப்பெரியாறு மக்களுக்கு வேண்டியது யாரோ நல்லது சொன்னார்கள் என்ற செய்தி இல்லை, தங்கள் மொழியில் படிக்கக்கூடிய அளவீடுகள்.

படகும் நீர்மட்டமும்

அணை கட்டி நான்கே ஆண்டில், 1899இல், ஏரியைச் சுற்றியுள்ள காட்டைத் திருவிதாங்கூர் ஒதுக்கப்பட்ட காடாக அறிவித்தது. 1934இல் வேட்டை விலங்குச் சரணாலயம், 1950இல் பெரியாறு வனவிலங்குச் சரணாலயம், 1978இல் புலிகள் காப்பகம். இன்று 925 சதுர கிலோமீட்டர். மகாராஜாவின் இடப்பாளையம் கோடை மாளிகை இப்போது தங்கும் விடுதி.

படகு ஏறியதும் முதலில் கண்ணில் படுவது தண்ணீருக்கு நடுவே நிற்கும் கறுத்த மரக்கட்டைகள். 1895இல் நீர் ஏறியபோது மூழ்கிய காட்டின் மரங்கள் அவை. இலை, கிளை எல்லாம் போய், தண்டு மட்டும் 130 ஆண்டாக நிற்கிறது. உச்சியில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். அந்தக் கட்டைகளைக் கவனித்தால் நீர்மட்டம் தெரிந்துவிடும். மழைக்காலத்தில் நுனி மட்டும் தெரியும். கோடையில் ஆள் உயரத்துக்கு மேல் வெளியே வந்து, அடியில் பழைய நீர்க்கோடுகள் வரிவரியாகத் தெரியும்.

விலங்கு பார்க்க வேண்டும் என்று போகிறவர்கள் மழைக்காலத்தில் போய் ஏமாந்து திரும்புகிறார்கள். ஏரி நிறைந்து காட்டோரம் வரை நீர் நிற்கும்போது, விலங்குகளுக்கு உள்ளேயே ஓடைகளில் தண்ணீர் கிடைக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நீர் இறங்கி, கரையில் புது புல் முளைத்த நிலம் வெளிப்படும். யானைக் கூட்டமும் காட்டெருமையும் மிளாவும் அங்கே இறங்கி வரும். நீர்மட்டம் குறைந்த செய்தி விவசாயிக்குக் கவலை. காட்டில் அதுதான் மேய்ச்சல் காலம்.

படகில் பாதுகாப்பு விதிகள் கறாராக இருப்பதற்குக் காரணம் 2009 செப்டம்பர் 30. அன்று மாலை இரண்டடுக்குச் சுற்றுலாப் படகான ஜலகன்யகா கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைக் கண்டு பயணிகள் ஒரே பக்கம் திரண்டபோது படகு சாய்ந்தது. உயிர்காப்பு உடையைக் கழற்றாதீர்கள், எழுந்து நிற்காதீர்கள் என்று ஊழியர் திரும்பத் திரும்பச் சொல்வார்; கேட்டு நடங்கள்.

மோட்டார் சத்தம் பிடிக்காதவர்களுக்கு வனத்துறையின் மூங்கில் தெப்பம் உண்டு. வழிகாட்டிகளில் சிலர் ஒரு காலத்தில் இந்தக் காட்டில் வயனா மரப்பட்டை (லவங்கப்பட்டை வகை) உரித்துக் கடத்தியவர்கள். 1990களின் கடைசியில் வழக்கிலிருந்து விடுபட்டு காவல் பணிக்கும் சுற்றுலாவுக்கும் வந்தார்கள். மன்னான், பளியர் பழங்குடி மக்களும் இதில் இருக்கிறார்கள். காட்டைப் பற்றி இவர்கள் சொல்வது எந்தக் கையேட்டிலும் கிடைக்காது.

50 அடியில் ஒரு சுரங்கம்?

ஆனந்த் குழு முன்வைத்த மாற்று வழிகளில் ஒன்று, சுமார் 50 அடி மட்டத்தில் புதிய சுரங்கம் வெட்டுவது. இதன் தர்க்கம் எளிது. தாழ்வான சுரங்கம் இருந்தால், நீர்மட்டத்தை உயர்த்தாமலே இப்போது எடுக்க முடியாத அடிநீரையும் தமிழ்நாடு எடுக்கலாம். ஆபத்து நேரத்தில் ஏரியை வேகமாக இறக்கவும் முடியும். கேரளம் கேட்கும் புதிய அணை வந்தால் பழைய குத்தகை என்ன ஆகும், இயக்குவது யார் என்ற கேள்விகளும் இதில் எழாது.

சரி, அப்படியானால் ஏன் செய்யக்கூடாது? 104 அடிக்குக் கீழே உள்ள அந்த 5 டிஎம்சிதான் எந்த வறட்சியிலும் தேக்கடி ஏரி ஏரியாக இருப்பதற்குக் காரணம். சுரங்கத்தின் வாய் உயரத்தில் இருப்பதால், வயலுக்கு எட்டாத நீர் காட்டுக்கு மிஞ்சியது. யாரும் அப்படித் திட்டமிடவில்லை. கோடை முழுக்க யானை இறங்கிக் குடிப்பதும், நீர்நாய்க் கூட்டம் மீன் பிடிப்பதும், மன்னான் மக்கள் வலை போடுவதும், படகு மிதப்பதும் அந்த நீரில். அதையும் எடுப்பதானால், ஒவ்வொரு மாதத்திலும் எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும் என்று ரூல் கர்வ் போலவே கீழ்ப்பக்கத்துக்கும் ஒரு வரம்பு எழுத வேண்டும். இதுவரை பேச்சு முழுக்க மேல்வரம்பைப் பற்றியே நடந்திருக்கிறது.